வீட்டு மீடியா சர்வர்: புதிதாக அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்மிடம் உள்ள படங்களை டிவிக்கும் ஃபோனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நிறுவுவது ஒரு மாலை நேர வேலைதான். அந்த ஒரே மாலையில் ஆளாளுக்கு அதே குழியில் வரிசையாக விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் அந்தக் குழிகளெல்லாம் பழக்கமானவையே. பாஸ்வேர்டை 1234 என்று வைக்காதீர்கள் என்கிற ரகத்து அறிவுரை எதுவும் இதில் கிடையாது.

ரூட்டரில் போர்ட்டைத் திறந்து விடுவது

வெளியூர் போன இடத்தில் படம் பார்க்க ஆசை வரும். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து ரூட்டருக்குள் நுழைந்து, ஜெல்லிஃபினுக்கு 8096, பிளெக்ஸுக்கு 32400 என்று போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருபவர்களை அந்த எண்ணிட்ட வாசல் வழியாக நேரே சர்வருக்கு விடும் ஏற்பாடு) போட்டுவிடுவார்கள். படம் ஓடும். அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

"படம் திக்கித் திக்கி ஓடுது, கொஞ்சம் வந்து பாரேன்" என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டார். லாக் ஃபைலைத் திறந்தால் 'அட்மின்', 'ரூட்', 'டெஸ்ட்' என்ற பெயர்களில் லாகின் முயற்சிகள், பக்கம் பக்கமாக. "என் அட்ரஸ் யாருக்குமே தெரியாதே!" என்றார். தெரியாமல் என்ன? சொந்த டொமைனுக்கு (இணையப் பெயருக்கு) முன்னால் 'ஜெல்லிஃபின்' என்று சேர்த்து, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பில் இணைப்பைக் குறியாக்கம் செய்வதற்கான இலவசச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அப்படி வழங்கப்படும் சான்றிதழ்களிலுள்ள பெயர்கள் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். புதுப் பெயர் ஏறியதும் கதவைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) அலைகின்றன. டொமைனே வாங்காவிட்டாலும், ஷோடான் போன்ற தேடுதளங்கள் இணையம் முழுக்கத் திறந்து கிடக்கும் போர்ட்களைத் துழாவிப் பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

அதற்குமேல்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டாக்கர் அமைப்பில் ஹார்ட் டிஸ்க் முழுவதையும், எழுதும் அனுமதியோடு, கன்டெய்னருக்குள் கொடுத்து வைத்திருந்தார். சினிமா ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே பாஸ்போர்ட் ஸ்கேன், வீட்டுப் பத்திரம், குழந்தைகளின் வீடியோக்கள். "படம்தானே, எவனாவது பார்த்தா பார்த்துட்டுப் போறான்" என்றார். என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இந்த வாதம்தான். உள்ளே வருகிறவன் படம் பார்க்க வருவதில்லை. அந்த மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தால், அதற்கு எந்தெந்த ஃபோல்டரைத் தொட அனுமதி உண்டோ அத்தனையும் அவன் கைக்குப் போய்விடும்.

2022-ல் பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்கியவர்கள் அந்நிறுவனப் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவுசெய்யும் நிரலை வைத்து, அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டைக் கைப்பற்றினார்கள். அந்த ஓட்டையைத் தாங்கள் 2020 மே மாதமே அடைத்துவிட்டதாகவும், அதன் பிறகு ஏறக்குறைய 75 பதிப்புகள் வந்துவிட்டதாகவும் பிளெக்ஸ் பின்னர் சொன்னது. அந்தப் பொறியாளர் அப்டேட் செய்யவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

சட்டப் பக்கமும் இதே வாசலில்தான் சிக்குகிறது. சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்க இடம்தரும் சட்டங்களெல்லாம் உங்களையும், பெரும்பாலும் உங்கள் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு படைப்பைப் பொதுமக்கள் விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் பெறும்படி வைப்பது தனி உரிமை. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் 1996 பதிப்புரிமை உடன்படிக்கை அதைப் படைப்பாளியிடம் கொடுத்திருக்கிறது. லாகின் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடக்கும் சர்வரைக் காட்டி "இது என் சொந்த உபயோகம்" என்று வாதாடுவது கஷ்டம்.

மாற்றுவழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் சாதனங்களுக்கு மட்டுமான தனி இணைப்பு) வழியாக மட்டும் வீட்டுக்குள் வாருங்கள். ரூட்டரில் யூபிஎன்பி வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மென்பொருள் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். கன்டெய்னருக்குப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும், அதுவும் படிக்க மட்டுமான அனுமதியோடு கொடுங்கள். "மாமா வீட்டு டிவியில் விபிஎன் போட முடியாதே" என்பார்கள். அந்த டிவியில் படம் ஓடாவிட்டால் ஓடாமல் போகட்டும்.

"நான் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்தானே?"

இருக்கலாம். ஆனால் டிவிடி, புளூ-ரே டிஸ்க்கில் பிரதி எடுக்க முடியாதபடி போட்டிருக்கும் பூட்டை உடைப்பதே பல நாடுகளில் தனியே ஒரு சட்டமீறல். அமெரிக்காவில் 1998-ன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஜெர்மனியில் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம்; பூட்டை உடைத்து எடுக்கக் கூடாது. பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்தப் பிரதிக்கு அனுமதி வந்தது, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. வேற்று நாட்டுக்காரர் சொன்னதை நம்பி உங்கள் ஊரில் முடிவெடுக்காதீர்கள்.

பார்ப்பவர்களிடம் காசு வாங்குவது

வேண்டாம். கரன்ட் பில்லில் பங்கு என்று பெயர் வைத்தாலும் அது சந்தாதான்.

டோரன்ட்

நீங்கள் ஒரு படத்தை டவுன்லோட் செய்யும்போதே டோரன்ட் மென்பொருள் அதைப் பிறருக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. உங்கள் ஐபி முகவரி அதே படத்தைப் பகிரும் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், கண்காணிக்கவே சேர்ந்திருப்பவர்கள் உட்பட.

யார் என்ன பார்க்கிறார்கள் என்ற பதிவு

பெரிய நிறுவனங்கள் நம்மை வேவு பார்க்கின்றன என்று சொல்லிச் சொந்த சர்வர் வைக்கிறோம். வைத்ததும் வேவு பார்க்கும் இடத்தில் நாமே உட்கார்ந்துவிடுகிறோம். எந்தச் சாதனத்தில், எந்த முகவரியிலிருந்து, யார், எந்தப் படத்தை எந்த நிமிடம்வரை பார்த்தார் என்பது நிர்வாகியின் திரையில் வரிசையாக நிற்கும். கணக்கு கொடுக்கும்போதே வீட்டாரிடமும் நண்பர்களிடமும் இதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. வளர்ந்த பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிளெக்ஸ் என்றால் இன்னொரு படி உண்டு, அதன் கணக்குகள் அந்நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் பயனர்களின் மின்னஞ்சல் முகவரி, பயனர்பெயர், குறியாக்கம் செய்த பாஸ்வேர்ட் ஆகியவை திருடுபோய், எல்லோரையும் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னார்கள். 2023 இறுதியில் அனுப்பிய வாராந்திர மின்னஞ்சல்களில், பலர் என்ன பார்த்தார்கள் என்பது அவர்களுடைய நண்பர் பட்டியலுக்கே போய்ச் சேர்ந்தது. பகிர்தல் தொடர்பான அமைப்புகளை முதல் நாளே திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்பது

அழித்த ஃபைல் அழிந்துவிடுவதில்லை. டிஸ்க்கை வாங்கிய அன்றே முழுக் குறியாக்கம் செய்துவிட்டால், விற்கும்போது சாவியை அழித்தால் போதும்.