கச்சா எண்ணெய் டேங்கில் கசடு: எடுப்பதும் தடுப்பதும்

சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையின் கச்சா எண்ணெய் டேங்குகளில் அடியில் தங்கும் கசடு வெறும் சேறு அல்ல. மெழுகு, அஸ்பால்ட்டீன் (எண்ணெயில் உள்ள தார் போன்ற கனமான பொருள்), தண்ணீர், மணல், துரு எல்லாம் சேர்ந்து இறுகியது. அதில் மீட்கக்கூடிய எண்ணெய் நிறைய உண்டு. மண்வெட்டியோடு ஆள் இறங்குவது கடைசி வேலைதான்.

முதலில் கூரைத் துளைகள் வழியாகப் பல இடங்களில் கசடின் உயரத்தை அளக்கவும். ஓர் இடத்து அளவை நம்பக் கூடாது: எண்ணெயைக் கலக்கும் மிக்சருக்கு எதிரே பள்ளம் இருக்கும், அதன் வீச்சு எட்டாத மூலையில் மேடு கட்டியிருக்கும். பிறகு டீசல் வகை எண்ணெயையோ சூடான கச்சா எண்ணெயையோ நாசிலில் பீய்ச்சி, கரைத்து, பம்பில் வெளியேற்றவும். எண்ணெய் மேல் மிதக்கும் மிதவைக் கூரை, மட்டம் இறங்கித் தன் கால்களில் ஊன்றி நின்றதும் அடியில் வாயு சேரும். நிலைமின் பொறி ஒன்று போதும், வெடித்துவிடும். நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழே இறக்கிய பின்பே பீய்ச்சுங்கள்.

ஆள் இறங்கும் முன் காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதை உறுதிசெய்யவும். கசடைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு மறுபடி கிளம்பும். காலையில் பார்த்த மீட்டர் அளவு மதியத்துக்கு ஆகாது. சுவரில் ஒட்டிய கறுப்பு இரும்பு சல்பைடு காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும். கத்திரி வெயிலில் அதை ஈரமாகவே வைத்திருங்கள்.

கசடு சேராமல் தடுக்க, பக்கவாட்டு மிக்சரின் கோணத்தை மாற்றி மாற்றி ஓட்டவும். எண்ணெய் மட்டம் தாழ்ந்திருந்தால் ஓட்டாதீர்கள், அதிர்வில் மிக்சர் தண்டின் கசிவு தடுக்கும் சீல் போய்விடும். மும்பை ஹை கடல் வயலில் கிடைப்பது போன்ற மெழுகு மிகுந்த எண்ணெயை உறையும் வெப்பநிலைக்கு மேலேயே வைக்கவும். மிக்சரை நிறுத்தி, தண்ணீர் அடியில் தங்கியதும் வடிக்கவும்.

எடுத்த கசடை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்கவும். மழைக்கு முன் கசடுக் குழிகளைக் காலி செய்யுங்கள்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை போனது.