ஹைப்பர்-வி ரெப்ளிகா: ஒரே விஎம்மை இரண்டு சைட்டில் வைப்பது எப்படி?

ஹைப்பர்-வி என்பது விஎம்களை (ஒரு சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்களை) ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்; ஒரு சைட்டில் ஓடும் விஎம்மை இன்னொரு சைட்டின் சர்வருக்கு அவ்வப்போது காப்பி செய்துகொண்டே இருப்பதுதான் அதன் ரெப்ளிகா. ரெப்ளிகாதான் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: முதல் சைட்டில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் சில நிமிடங்களில் அது இரண்டாவது சைட்டுக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டுமே வேண்டும்.

இரண்டாவது சைட்டின் சர்வரில் ஹைப்பர்-வி செட்டிங்ஸுக்குள் போய் அதை ரெப்ளிகா சர்வராக மாற்றுங்கள். இரண்டு சர்வரும் ஒரே டொமைனில் (லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் நெட்வொர்க்கில்) இருந்தால் கெர்பரோஸ் என்ற அதன் சரிபார்ப்பு முறை, போர்ட் 80 போதும், ஆனால் அதில் டேட்டா என்கிரிப்ட் ஆகாது, அதனால் நடுவில் விபிஎன் இல்லை என்றால் சர்டிஃபிகேட் போட்டு 443-இலேயே போங்கள். ஃபயர்வால் ரூலை நாம்தான் திறக்க வேண்டும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்புறம் விஎம்மில் ரைட் கிளிக் செய்து ரெப்ளிகேஷனை இயக்கினால், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாற்றங்களை அனுப்ப வேண்டும், 30 விநாடியா, 5 நிமிடமா, 15 நிமிடமா என்று கேட்கும். லைன் சுமார் என்றால் 15 வையுங்கள். முதல் காப்பி பெரிதாக இருந்தால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றி ஆளிடம் கொடுத்தனுப்புவதே மேல். ரிகவரி பாயின்ட் (திரும்பிப் போகக்கூடிய பழைய நிலை) மணிக்கு ஒன்றாக 24 வரை வைக்கலாம்; பாதிப்பு ஒரு நாள் கழித்துத் தெரியவந்தால் அதுவும் கைகொடுக்காது. அங்கே ஐபி வேறு என்றால் நெட்வொர்க் அடாப்டரின் ஃபெயிலோவர் (முதல் சைட் விழுந்தால் இரண்டாவதில் விஎம்மை இயக்குவது) செட்டிங்கில் இப்போதே போட்டுவையுங்கள்.

இரவு பேக்கப்பை டொமைனில் சேராத பெட்டியில், வேறு பாஸ்வேர்டோடு வையுங்கள்.

மாதம் ஒருமுறை இரண்டாவது சைட்டில் டெஸ்ட் ஃபெயிலோவர் செய்யுங்கள். ஒரிஜினல் பாட்டுக்கு ஓடும், பெயருக்குப் பின்னால் 'டெஸ்ட்' என்று இன்னொரு விஎம் வரும். அதில் டேட்டாபேஸ் திறக்கிறதா என்று பாருங்கள், முடிந்ததும் டெஸ்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த டெஸ்ட் ஓடாது.