பல மாதம் கவனிக்காத மீன்தொட்டி: மீன் சாகாமல் சுத்தம் செய்வது எப்படி?

கண்ணாடி முழுக்கப் பச்சை, அடியில் கறுப்புச் சேறு, உள்ளே நாலைந்து மீன்கள். இப்படி ஒரு தொட்டியைப் பார்த்ததும் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் கழுவத்தான் கை போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அழுக்கில் பிழைத்த மீன் சுத்தமான தண்ணீரில் மறுநாளே செத்து மிதப்பது இதனால்தான்.

காரணம் இது. நாள்பட்ட தொட்டியில் கழிவு மட்கி, தண்ணீர் பெரும்பாலும் புளிப்புப் பக்கம் இறங்கியிருக்கும். அந்த நிலையில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியமாகத் தங்கிவிடும். நம்ம சென்னை போர் தண்ணீரோ பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அதை மொத்தமாக ஊற்றினால் பி.எச். (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) சட்டென ஏறும், அம்மோனியம் மறுபடி நச்சு அம்மோனியாவாக மாறும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும்தான் ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் அதுவும் போய்விடும்.

எனவே வேலையை மூன்று நான்கு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அளவுகள் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிக்கு. அதில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

முந்தைய நாள்: தண்ணீரைத் தயார் செய்தல்

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் பிடித்து, மூடாமல் 24 மணி நேரம் வையுங்கள். ஏர் ஸ்டோன் (ஏர் பம்பில் மாட்டும், காற்றுக் குமிழி விடும் கல்) போட்டுவைத்தால் இன்னும் நல்லது. அவசரம் என்றால் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஆன்டி-குளோரின் கிடைக்கும், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விடுங்கள். அடுக்குமாடிகளில் போர், மெட்ரோ, லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலப்பதால் இன்று வரும் தண்ணீரின் தன்மை நாளை இருக்காது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, தொட்டித் தண்ணீரையும் வாளித் தண்ணீரையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இன்னும் குறைவாக, இன்னும் மெதுவாக மாற்றுங்கள். குடிநீர் கேன் தண்ணீரை மட்டும் நிரப்பாதீர்கள். அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் மிகக் குறைவு.

அன்று தீனி வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்

லைட், பம்ப் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுக் கையை விடுங்கள். முன்பக்கக் கண்ணாடியின் பாசியை மட்டும் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். பிளேடு வைத்துச் சுரண்டினால், மூலையில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசை மேல் அது படக்கூடாது, வெட்டுப்பட்டால் கசிய ஆரம்பிக்கலாம்.

பிறகு டியூபால் சைஃபன் போட்டு 8 லிட்டர் எடுங்கள். வாயால் உறிஞ்சாமல், டியூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையை உள்ளே, மறுமுனையைத் தரையில் உள்ள வாளியில் விட்டால் தானே இறங்கும். மேலாகத் தெரியும் சேற்றை மட்டும் எடுங்கள், கிளற வேண்டாம். எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். புதுத் தண்ணீரை ஏர் டியூப் வழியாக ஒரு மணி நேரத்தில் இறங்கும்படி விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை இதே அளவு. தீனி வழக்கத்தில் பாதி.

ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். ஃபில்டர் பல நாளாக ஓடாமல் கிடந்திருந்தால் அப்படியே சுவிட்சைப் போடாதீர்கள், உள்ளே அழுகியதெல்லாம் தொட்டியில் கொட்டும். அதை நன்றாகக் கழுவிவிட்டு, நோயில்லாத தொட்டி வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கேட்டு வாங்கி உள்ளே வையுங்கள்.

மேல்விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படிந்திருப்பது உப்பு. வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், சொட்டு உள்ளே விழாமல். சோப்பு எந்தக் கட்டத்திலும் கூடாது.

மூன்றாவது வாரம்: கல்லும் அலங்காரமும்

கல்லைத் தள்ளினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா? அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடே மூடிபோட்ட வாளிக்கு மாற்றி, ஏர் ஸ்டோன் விட்டு, பிறகு கல்லை எடுங்கள். நாற்றம் இல்லையென்றால் இந்த வாரம் பாதிக் கல்லை எடுங்கள், அடுத்த வாரம் மீதி.

பழைய கல்லுக்குப் பதிலாக 3 முதல் 5 மில்லிமீட்டர் கூழாங்கல் 11 கிலோ வாங்கினால் சராசரி 4 சென்டிமீட்டர் உயரம் வரும். கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பெரிய கல்லை முதலில் அடிக்கண்ணாடியில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றிக் கூழாங்கல் போடுங்கள். மேலே வைத்தால் கோல்டு ஃபிஷ் தோண்டிச் சாய்த்துவிடும். முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும் சரித்தால் தொட்டிக்கு ஆழம் கூடியதுபோல் தெரியும்.

மெரினாவில் பொறுக்கிய சிப்பி, மார்பிள் துண்டு வேண்டாம். அவை கரைந்து, ஏற்கெனவே கடினமான தண்ணீரை மேலும் கடினமாக்கும். சந்தேகமுள்ள கல்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் தள்ளிவையுங்கள். கறுப்பு கிரானைட் நல்லது.

செடியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் புதியவர்களுக்கு ஏற்றவை. தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகும், நூலால் மரத்துண்டில் கட்டுங்கள். பின்னால் நீளப் புல் போன்ற வாலிஸ்னேரியா நடலாம். லைட் நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் பச்சைப் பாசி திரும்ப வரும்.

ஏதாவது தவறினால்

இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பால்போல் கலங்கினால் அது பாக்டீரியாப் பெருக்கம். மொத்தமாக மாற்றாதீர்கள், ஏர் பம்பை நிறுத்தாமல் ஓட்டுங்கள், சில நாளில் தெளியும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் தீனியை நிறுத்தி, தொட்டியின் வெப்பத்திலேயே உள்ள குளோரின் இல்லாத தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள். மே மாதத்தில் இது அதிகம் நடக்கும், சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு.

அம்மோனியாவும், பாக்டீரியா அதை மாற்றுவதால் வரும் இன்னொரு நச்சான நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டி இரண்டு வாரம் ஆனபின் புது மீன் வாங்கலாம், ஒரு தடவைக்கு இரண்டு. தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட சக்கர் மீன் (கண்ணாடியில் வாயால் ஒட்டிப் பாசி தின்னும் மீன்) இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விட்டால் அது பெருகி, அங்குள்ள மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும்.