ஒரு டியூபும் இரண்டு குச்சியும்: தெருவின் ஏற்றத்தை அளப்போம்

சர்வே படிக்க வந்ததும், உயர வித்தியாசம் அளக்கும் தொலைநோக்கிக் கருவியான ஆட்டோ லெவலைப் பார்த்து மிரள வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலிலேயே (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் டியூப்) அடிப்படை முழுவதையும் கற்றுவிடலாம். வேலூர் சத்துவாச்சாரியில் மலைப்பக்கம் ஏறும் தெரு ஒன்றைப் பிடியுங்கள். வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள்; நமக்காக மட்டுமல்ல, டியூபின் ஒரு முனை மட்டும் சூடானால் நீர்மட்டமும் லேசாகப் பொய் சொல்லும்.

முதலில், 15 மீட்டர் டியூபில் சொட்டுநீலம் கலந்த தண்ணீரைக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? உள்ளே எங்கோ குமிழி இருக்கிறது.

அடுத்து, வீட்டு வாசற்படிக்கு 100.000 மீட்டர் என்று நாமாகவே ஓர் உயரம் வைத்துக்கொள்வோம். இதுதான் நம் பெஞ்ச் மார்க். காட்பாடி ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம், நம்முடையது கற்பனை. பயிற்சிக்கு அது போதும்.

படியில் ஒரு குச்சி, தெருவில் 8 மீட்டர் தள்ளி மேற்பக்கம் இன்னொன்று. முனைகளை அவற்றோடு சேர்த்துப் பிடித்து, தரையிலிருந்து தண்ணீர் வரை அளக்கிறோம். கீழே 1.420, மேலே 1.100 என்று வந்தால்:

100.000 + 1.420 = 101.420 (நீர்மட்டம்)
101.420 − 1.100 = 100.320 (மேல் புள்ளி)

உயரம் தெரிந்த புள்ளியில் எடுத்த கீழ் அளவு பேக்சைட், உயரம் கண்டுபிடிக்க வேண்டிய புள்ளியில் எடுத்த மேல் அளவு ஃபோர்சைட். ஆட்டோ லெவலில் நீர்மட்டத்தின் இடத்தில் தொலைநோக்கியின் பார்வைக்கோடு இருக்கும், கணக்கு மாறாது.

8 மீட்டருக்கு 0.32 மீட்டர் ஏற்றம், அதாவது 25-க்கு 1. சமவெளிச் சாலைகளுக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் வழக்கமாக வைக்கும் எல்லை 30-க்கு 1. கட்டாயமானால் 20-க்கு 1 வரை போகலாம். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் தெரு இடையில் வந்து நிற்கிறது, பாருங்கள்.

அப்புறம் மேல் குச்சியை அசைக்காமல், கீழ்க்குச்சியை அதைத் தாண்டி வைத்துத் தொடருங்கள். நகரும்போது தண்ணீர் சிந்தாமல் முனையை அடைத்த கட்டை விரலை எடுத்த பிறகே அளக்க வேண்டும். நான் எடுக்க மறந்து ஒரு காலை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

தெருக்கோடி வந்ததும் அளந்தபடியே வாசலுக்குத் திரும்புங்கள். மறுபடியும் 100.000 வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் பிசகினால் விடுங்கள். சென்டிமீட்டர் கணக்கில் பிசகினால், குமிழியைத் தேடிவிட்டு முதலிலிருந்து.