பந்தை விட்டுக் காலைப் பாருங்கள்: ரக்பியில் டெக்கிள், ரக், ஓஃப்சைட் முடிவுகளைப் புரிந்துகொள்ளும் முறை

கண்டிப் பக்கம் நித்தவளையிலோ பல்லேகலையிலோ ரக்பி பார்க்கும் கூட்டம் நடுவரைப் பார்த்து அதிகம் கத்துவது, ஆட்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் விசில் ஊதும்போதுதான். யார் மீது பெனல்டி என்பதே பாதிப் பேருக்கு விளங்குவதில்லை. எல்லோர் கண்ணும் பந்தில் இருக்க, நடுவரின் கண் மட்டும் கால்களில் இருப்பதுதான் காரணம். நிற்பவர் ஆடலாம், விழுந்தவர் விலக வேண்டும். டெக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து விழுத்துவது), ரக் (நிலத்தில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியும் முட்டிக்கொள்வது) சட்டங்களில் பெரும்பகுதி இதிலிருந்து கிளைப்பவைதான்.

டெக்கிள்

முதலில், நடந்தது டெக்கிள்தானா என்று பாருங்கள். பந்தோடு ஓடுபவரை எதிரணி வீரர் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடியோடே அவர் நிலத்துக்கு வர வேண்டும். முழுதாக விழ வேண்டியதில்லை. ஒரு முழங்கால் பட்டாலே போதும். உட்கார்ந்தாலும், கீழே கிடக்கும் இன்னொருவர் மேல் விழுந்தாலும் டெக்கிள்தான்.

மழைக்காலத்தில் சேறான மைதானத்தில் தானாகச் சறுக்கி விழுபவர் டெக்கிள் செய்யப்பட்டவர் ஆகமாட்டார். அவர் உடனே பந்தோடு எழும்பி ஓடலாம், பாஸ் கொடுக்கலாம், அல்லது பந்தை விடலாம். கணுக்காலைத் தட்டிவிட்டதில் தடுமாறி விழுந்தவருக்கும் இதே கணக்குத்தான், யாரும் பிடித்திருக்கவில்லையே. “விழுந்திட்டான், பந்தை விடு!” என்ற கத்தல் இந்த இரண்டு சந்தர்ப்பத்திலும் பிழை.

டெக்கிள் உறுதியானதும் கடமைகள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடங்கும். டெக்கிள் செய்தவர் ஆளையும் பந்தையும் விட்டுவிட்டு விலக வேண்டும், அல்லது எழும்ப வேண்டும். விழுத்தப்பட்டவர் உடனே பந்தைப் பாஸ் செய்யலாம், கைவிடலாம், தள்ளலாம். முன்னோக்கி மட்டும் கூடாது. கோல் கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கையை நீட்டிப் பந்தை அங்கே ஊன்றி ட்ரை (புள்ளி) வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பந்தோடு உருண்டு இரண்டாம் முறை அசைந்தால் பெனல்டி போகும்.

விழுத்த உதவி, தான் மட்டும் விழாமல் நிற்பவர்தான் அதிகம் பிழை விடுவார். பிடித்த கையை விடாமலே பந்தைப் பறிக்கப் பார்ப்பார். அவரும் ஒரு தடவை தெளிவாக விட்டாக வேண்டும், பிறகுதான் பந்தில் கை வைக்கலாம். நடுவருக்குத் தெரியும்படி இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுக் குனிவது நல்ல பழக்கம்.

பிரட்பி கேடயத்துக்கு றோயல், ட்ரினிட்டி கல்லூரிகள் மோதுவதைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் பெரியவர்கள் இடறுவதும் இங்கேதான். முன்பு டெக்கிள் செய்தவர் எழும்பியதும் எந்தப் பக்கத்திலிருந்தும் பந்தை எடுக்கலாம். 2018இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அவரும் தன் கோல் கோட்டுப் பக்கமாகச் சுற்றி வந்தே கை வைக்க வேண்டும்.

ஈர நிலத்தில் இன்னொரு தொல்லை: டெக்கிள் செய்தவர் வழுக்கி எதிரணியின் பக்கம் போய்க் கிடப்பார். “சிக்கிக்கொண்டேன்” என்பது தானாகவே மன்னிப்பாகிவிடாது. ஸ்க்ரம் ஹாஃப் (குவியலின் பின்னாலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) பந்தெடுக்கும் வழியை அவர் உடல் மறிக்கிறதா, விலக முயற்சி தெரிகிறதா என்பதை நடுவர் பார்ப்பார். பக்கவாட்டில் உருளுங்கள், ஸ்க்ரம் ஹாஃபின் காலடிக்குள் உருளாதீர்கள்.

ரக் எந்தக் கணத்தில் பிறக்கிறது?

பந்து நிலத்தில், அதற்கு மேலாக இரு அணியிலிருந்தும் குறைந்தது ஒருவர், இருவரும் காலில் நின்றபடி ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் ரக். ஒரே அணியின் இருவர் மட்டும் பந்துக்கு மேலே நின்றால் அது ரக் இல்லை. ரக் உருவானபின் கையால் பந்தைத் தொடக்கூடாது. ஒரே விலக்கு: ரக் உருவாகுமுன்பே பந்தில் கை வைத்தவர், காலில் நிற்கும்வரை தொடரலாம்.

ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சிவப்பு அணி வீரர் விழுத்தப்படுகிறார். நீல அணியின் 7ஆம் இலக்கம் தன் பக்கத்திலிருந்து வந்து, காலை அகட்டிக் குனிந்து, பந்தில் கை வைக்கிறார். அடுத்த கணம் சிவப்பு அணியின் துணை வீரர் வந்து மோதுகிறார், ரக் உருவாகிவிட்டது. கை முன்பே பந்தில் இருந்ததால் நீலம் இழுக்கலாம். கீழே கிடப்பவர் விடாமல் அணைத்திருந்தால் பெனல்டி நீலத்துக்கு. இதே காட்சியில் சிவப்புத் துணை வீரர் அரை நொடி முந்தி வந்து மோதி, அதன் பிறகு நீலக் கை பந்தைத் தொட்டிருந்தால் பெனல்டி சிவப்புக்கு. மூன்றாவது சாத்தியமும் உண்டு: நீல வீரரின் கை பந்தைத் தாண்டி நிலத்தில் ஊன்றி, உடல் பாரத்தை அந்தக் கை தாங்குகிறது. அவர் காலில் நிற்கவில்லை என்றே நடுவர் கொள்வார், சிவப்புக்குப் பெனல்டி. தோளும் தலையும் இடுப்பை விடத் தாழ்ந்திருந்தாலும் அவர் பிழையில்தான் இருக்கிறார்.

அவரை அகற்ற வருபவருக்கும் கட்டுப்பாடு உண்டு. பக்கத்தால் நுழையக்கூடாது, கையால் பற்றாமல் தோளால் மட்டும் இடிக்கக்கூடாது. எதிராளியின் கால் மீது பாரத்தைப் போடுவதும் குற்றம். நிற்பவரைக் கட்டிப்பிடித்துச் சுழற்றி நிலத்தில் வீழ்த்தும் ‘முதலைப் புரட்டு’ 2024 ஜூலை முதல் தடை. முழங்காலைப் பதம்பார்க்கும் வேலை அது. தடை வந்தது நல்லதே.

பந்து வென்று வெளியே எடுக்கத் தயாராக இருந்தால் நடுவர் “யூஸ் இட்” என்பார். அதிலிருந்து 5 நொடிக்குள் பந்து ஆடப்படாவிட்டால் எதிரணிக்கு ஸ்க்ரம், அதாவது இரு அணி முன்வீரர்களும் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் மறுதொடக்கம்.

ஓஃப்சைட்

ரக்கில் ஓஃப்சைட் கோடு, அதில் சேர்ந்திருக்கும் தன் அணியினரின் ஆகப் பின்னால் இருக்கும் புள்ளி வழியே, கோல் கோட்டுக்குச் சமாந்தரமாக ஓடும். பெரும்பாலும் அது கடைசி ஆளின் பின்னங்கால். ரக்கில் சேராதவர் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றால் ஓஃப்சைட். அந்தப் புள்ளி கோல் கோட்டிலோ அதற்குப் பின்னாலோ இருந்தால், கோல் கோடே ஓஃப்சைட் கோடு. ரக் உருவாகும்வரை கோடு இல்லை என்று நினைப்பது பழைய கணக்கு: டெக்கிளுக்குப் பின் ஒருவர் காலில் நின்று பந்துக்கு மேலே வந்தாலே இரு அணிக்கும் கோடு விழுந்துவிடும்.

இதைக் கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் இருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூடுபனி இறங்கிய பின்னேரத்தில் கேட்கவே வேண்டாம். ரக்கிற்கு நேர் பக்கவாட்டில் நின்று, பின்னங்காலுக்கும் தடுப்பாட்டக்காரரின் முன் பாதத்துக்கும் இடையே வெளி தெரிகிறதா என்று பாருங்கள்.

திறந்த ஆட்டத்தில் கணக்கு வேறு. பந்தைக் கடைசியாக ஆடிய தன் அணியினருக்கு முன்னால் நிற்பவர் ஓஃப்சைட். அங்கே நிற்பது மட்டும் குற்றமல்ல. ஆட்டத்தில் குறுக்கிட்டாலோ பந்தை நோக்கி முன்னேறினாலோதான் பெனல்டி. உயர உதைத்த பந்து விழும் இடத்திலிருந்து 10 மீற்றருக்குள் இருப்பவர் உடனே பின்வாங்கியே ஆக வேண்டும். 2024 வரை, பந்தைப் பிடித்த எதிராளி 5 மீற்றர் ஓடினாலோ பாஸ் கொடுத்தாலோ முன்னால் நின்றவர் ஓன்சைட் (மீண்டும் ஆட்டத்தில் சேரலாம் என்ற நிலை) ஆகிவிடுவார். இரு அணியும் மாறி மாறி உதைத்துக்கொண்டிருக்க நடுவில் பலர் சும்மா நின்றது இதனால்தான். அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது. இப்போது பின்வாங்க முயல்வது கடமை.

சந்தேகம் தீராவிட்டால் நடுவரின் கையைப் பாருங்கள். பந்தை அணைப்பதுபோல் இரு கையும் நெஞ்சருகே என்றால் விழுந்தவர் பந்தை விடவில்லை. உடலை விட்டு வெளியே விரலைச் சுழற்றினால் டெக்கிள் செய்தவர் விலகவில்லை. கையைக் கிடையாக அரைவட்டமாக வீசினால் பக்கத்தால் நுழைந்திருக்கிறார்கள். நேராகத் தொங்கவிட்டு ஊசலாட்டினால் ரக் ஓஃப்சைட். விசில் இல்லாமல் இடுப்பளவில் ஒரு பக்கம் கை நீண்டிருந்தால், பிழையை அவர் கண்டுவிட்டார். அந்தப் பக்க அணிக்கு அனுகூலம் கிடைக்கிறதா என்று ஆட்டத்தை ஓடவிட்டிருக்கிறார்.