ட்ரஸ் ராடைத் திருகும் முன்: சரியான கீ எது?

ஜூன் மாதம் மலையகத்தில் மழையும் பனிமூட்டமும் கூடிவிட்டால் கிட்டாரின் மரமும் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். பெப்ரவரியில் இலகுவாக வாசித்த அதே கிட்டாரில் கம்பிகள் உயர்ந்து விரல் நோகும். உடனே பலர் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அலன் கீயை (ஆறு மூலைத் திருகுசாவி) எடுத்து, கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கோலான ட்ரஸ் ராடைத் திருகப் பார்க்கிறார்கள். நல்ல கிட்டார்கள் இப்படித்தான் பாழாகின்றன.

கீயைத் தேடும் முன், பிழை கழுத்தில்தானா என்று பாருங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஈரத்தால் முன்பலகை ஊதினாலும் கம்பி உயரும். அதை ட்ரஸ் ராட் சரிசெய்யாது. முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப் போட்டு, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 0.25 மி.மீ. இருந்தால் கழுத்து நன்றாகவே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கராஜில் வால்வ் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்கும் பொருந்தும். நைலோன் கம்பிக் கிட்டார் பலவற்றில் திருகுவதற்கு ட்ரஸ் ராடே இருக்காது.

பெரிய தவறு, அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் குழப்புவது. நம் ஊர் ஹாட்வெயார் கடைகளில் இலகுவாகக் கிடைப்பது மி.மீ. செட். ஆனால் அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் கிட்டார்கள் பலவற்றுக்கு 1/8 அங்குலக் கீ வேண்டும், அதாவது 3.175 மி.மீ. ட்ரஸ் ராட் நட்டின் துளைக்குள் 3 மி.மீ. கீ போகும், ஆனால் ஆடும். மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் பலவற்றுக்கு 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. அங்கே 4.5 ஆடும், 5 நுழையாது. என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆடிய 3 மி.மீ. கீக்குக் கடதாசி சுற்றித் திருகினேன். நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிப்போயின. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நட்டு சிறியது, ஆனால் அது போனால் சில கிட்டார்களில் ஃப்ரெட் பலகையையே கழற்ற வேண்டிவரும்.

கிப்சன் கிட்டாரில் துளைக்குப் பதில், வெளிப்புறமாகப் பிடித்துத் திருகும் 5/16 அங்குல நட்டு இருக்கும். அது 7.94 மி.மீ. என்பதால் நல்ல 8 மி.மீ. பொக்ஸ் ஸ்பானர் பிடிக்கும். இபனெஸ் பலவற்றில் 7 மி.மீ. நட்டு.

தோட்டத்துத் தொழிற்சாலை ஃபிட்டரிடம் ஸ்பானர் கேட்போருக்கு ஒரு எச்சரிக்கை. பழைய இங்கிலாந்து ஸ்பானர்களில் 5/16 W என்று பொறித்திருக்கும். W என்றால் விட்வர்த் என்ற பழைய இங்கிலாந்துத் திருகு அளவுமுறை. அந்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது. ஸ்பானரின் வாய் 15 மி.மீ.க்கும் அதிகம். எண்ணை நம்பாமல் வர்னியர் அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அக்கூஸ்டிக்கில் இன்னொரு சிக்கல், எட்டம். மார்ட்டின் போன்றவற்றில் 5 மி.மீ. துளை ஒலித்துளையின் உள்ளே, குறுக்குச் சட்டத்துக்கும் அப்பால் இருக்கிறது. சைக்கிள் செட்டில் வரும் குட்டைக் கீ அங்கே எட்டாது. நுனி மட்டும் கடித்து நழுவும். கைபேசியின் டோர்ச்சும் கமராவும் வைத்து உள்ளே பார்த்துவிட்டு, நீளக் கீ வாங்குங்கள். நுனியில் உருண்டை உள்ள கீயைச் சாய்த்துத் திருக வசதிதான், ஆனால் அது மூலைகளைச் சிறு இடத்தில் மட்டுமே தொடும். இறுகிய நட்டில் அதைப் பாவிக்காதீர்கள். தேய்ந்த, துருப்பிடித்த கீயும் அப்படியே. நுவரெலியா ஈரத்தில் கீ துருப்பிடிக்க அதிக நாள் வேண்டாம். எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.

சரியான கீ முழு ஆழத்துக்கு இறங்கி, ஆடாமல் நிற்கும். அப்புறம்தான் திருகல். பொதுவாக வலப்பக்கம் திருப்பினால் கழுத்து நிமிரும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்; மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மரம் அமைதியாக ஒரு நாள் விடுவது இன்னும் நல்லது.

கீ சரியாகப் பொருந்தியும் நட்டு அசையவில்லை என்றால், கைப்பிடிக்குக் குழாய் செருகி பலத்தைக் கூட்டாதீர்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கிட்டார் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். பொருந்திய கீயையும் உறைக்குள் போட்டு அனுப்புங்கள். அவரிடம் அந்த அளவு இல்லாமலும் இருக்கலாம்.