ஆஸ்மோலாரிட்டியும் டானிசிட்டியும்: உடல்நீர்க் கணக்கைப் படிப்படியாகப் போடுவது எப்படி?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் செவிலியர் படிப்பிலோ மருந்தாளுநர் படிப்பிலோ புதிதாகச் சேரும் மாணவர்கள், உடலியங்கியலில் மிகவும் அஞ்சும் பாடங்களுள் ஒன்று உடல்நீர்ச் சமநிலை. அஞ்சுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆஸ்மோலாரிட்டி, டானிசிட்டி ஆகிய இரண்டையும் ஒரே பொருளுக்கான இரு பெயர்கள் என்று எண்ணிக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். முதலாவது துகள்களை எண்ணிச் சொல்வது. இரண்டாவது, அந்தத் துகள்களுள் எவை செல்லின் சவ்வைக் கடக்க முடியாமல் வெளியே நிற்கின்றன என்று கேட்டுச் சொல்வது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கீழே வரும் கணக்குகளைக் கூடவே போட்டுப் பாருங்கள்.

படி 1: துகள்களை எண்ணுங்கள்

ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதே ஆஸ்மோலாரிட்டி. துகள் பெரியதா, சிறியதா, எடை என்ன என்பது இங்கே பொருட்டே அல்ல. குளுக்கோஸ் கரையும்போது பிரிவதில்லை. பொருளின் அளவை மில்லிமோலிலும், கரைந்த துகள்களின் எண்ணிக்கையை மில்லி ஆஸ்மோலிலும் எழுதுவோம். ஆகவே 1 மில்லிமோல் குளுக்கோஸ் 1 மில்லி ஆஸ்மோல். உப்பு, சோடியமாகவும் குளோரைடாகவும் பிரிவதால் 1 மில்லிமோல் உப்பு 2 மில்லி ஆஸ்மோல்.

மருத்துவமனையில் ஏற்றப்படும் நார்மல் சலைனை எடுத்துக்கொள்வோம். அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உள்ளது. உப்பின் மூலக்கூறு எடை 58.5 என்பதால், 9 கிராம் என்பது 154 மில்லிமோல். இரண்டால் பெருக்கினால் 308 மில்லி ஆஸ்மோல். கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று ஓரளவு ஈர்ப்பதால் உண்மையான விளைவு இதைவிடச் சற்றுக் குறைந்து, நம் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவான 280 முதல் 295 வரையிலான எல்லைக்குள் வந்துவிடுகிறது.

நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் துகள் கணக்கில் போட்டால் 0.08 மில்லி ஆஸ்மோல் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லையும் எலும்பையும் சிதைக்கும் ஒரு பொருள், ஆஸ்மோலாரிட்டியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே "செறிவு குறைவு" என்பதை "தீங்கு குறைவு" என்று ஒருபோதும் படிக்காதீர்கள்.

படி 2: நீர் எந்தப் பக்கம் போகும் என்று பாருங்கள்

நீரைக் கடக்கவிட்டு, கரைந்த பொருளைத் தடுக்கும் சவ்வு இடையில் இருந்தால், துகள்கள் மிகுந்த பக்கத்துக்கு நீர் நகரும். இதுவே சவ்வூடு பரவல். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் சற்று நேரத்தில் பாத்திரத்தின் அடியில் நீர் ஊறி நிற்பது இதனால்தான். கண்ணால் பார்க்க விரும்புவோர், விரல் அளவுள்ள இரண்டு உருளைக்கிழங்குத் துண்டுகளை எடுத்து, ஒன்றை வெறும் நீரிலும் மற்றொன்றை இரண்டு தேக்கரண்டி உப்பு கரைத்த ஒரு டம்ளர் நீரிலும் சில மணி நேரம் போட்டு வையுங்கள். முதலாவது விறைத்து நிற்கும். இரண்டாவது துவண்டு வளையும்.

படி 3: உடலின் நீரைப் பிரித்து எழுதுங்கள்

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 லிட்டர், செல்களுக்குள்ளே. மீதி 12 லிட்டர் செல்களுக்கு வெளியே. அதிலும் பிளாஸ்மாவாக இரத்தக்குழாய்களுக்குள் இருப்பது சுமார் 3 லிட்டர்தான். செல்லுக்குள் பொட்டாசியமும் வெளியே சோடியமும் முதன்மையானவை. உள்ளும் புறமும் துகள்களின் வகை வேறு. செறிவோ ஒன்றே, லிட்டருக்கு ஏறத்தாழ 285 மில்லி ஆஸ்மோல்.

படி 4: எது கடக்கும், எது கடக்காது?

பாடத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. எனவே இந்தப் படியில் நின்று நிதானமாகப் படியுங்கள். 300 மில்லி ஆஸ்மோல் உள்ள உப்புக் கரைசலில் சிவப்பணுவைப் போட்டால் அதன் வடிவம் மாறுவதில்லை. அதே 300 மில்லி ஆஸ்மோல் உள்ள யூரியா கரைசலில் போட்டால் அணு வீங்கி வெடித்துவிடும். ஆஸ்மோலாரிட்டி இரண்டிலும் ஒன்றே. ஆனால் யூரியா சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது, அதைத் தொடர்ந்து நீரும் போகிறது. சோடியமும் சிறிதளவு கசியத்தான் செய்கிறது. ஆயினும் சவ்வில் உள்ள சோடியம் பொட்டாசியம் பம்பு அதை ஓயாமல் வெளியேற்றிவிடுவதால், அது வெளியிலேயே இருப்பதாகக் கொள்ளலாம். இவ்வாறு வெளியே தங்கி நீரை இழுக்கும் துகள்களை மட்டும் கணக்கில் எடுத்தால் கிடைப்பதே டானிசிட்டி. செல்லைச் சுருக்கினால் ஹைபர்டானிக், வீங்கவைத்தால் ஹைப்போடானிக், அப்படியே வைத்தால் ஐசோடானிக்.

நம் ஊரில் எந்த பாட்டில் ஏற்றினாலும் "குளுக்கோஸ் ஏத்தினாங்க" என்பார்கள். மாணவர்கள் அந்தப் பழக்கத்தை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். அது சுமார் 278 மில்லி ஆஸ்மோல், பாட்டிலில் இருக்கும்வரை பிளாஸ்மாவுக்கு ஒப்பானது. உடலுக்குள் சென்றதும் செல்கள் குளுக்கோஸைப் பயன்படுத்திவிட, எஞ்சுவது வெறும் நீர். அந்த நீர் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள எல்லாப் பகுதிகளுக்கும் பகிர்ந்து போவதால், 1 லிட்டரில் பிளாஸ்மாவில் தங்குவது 85 மில்லிகூட இராது. நார்மல் சலைனோ செல்லுக்கு வெளியிலேயே நிற்பதால் சுமார் 250 மில்லி பிளாஸ்மாவுக்குக் கிடைக்கும். இரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு எது உதவும் என்பதை இதிலிருந்தே நீங்கள் சொல்லிவிடலாம்.

படி 5: ஆய்வக அறிக்கையில் போட்டுப் பாருங்கள்

இரத்தப் பரிசோதனை அறிக்கையிலிருந்து பிளாஸ்மாவின் ஆஸ்மோலாரிட்டியைக் கணக்கிட, சோடியத்தை இரண்டால் பெருக்குங்கள். டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் உள்ள குளுக்கோஸை 18ஆல் வகுத்துக் கூட்டுங்கள். அதே அலகில் உள்ள இரத்த யூரியாவை 6ஆல் வகுத்துக் கூட்டுங்கள். யூரியா நைட்ரஜன் என்று அறிக்கையில் இருந்தால் 6க்குப் பதிலாக 2.8ஆல் வகுக்க வேண்டும்.

பயிற்சிக்காக இரண்டு அறிக்கைகள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளிக்கு சோடியம் 132, குளுக்கோஸ் 720, யூரியா 36: 264, 40, 6 ஆகியவற்றைக் கூட்டினால் 310. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு சோடியம் 138, குளுக்கோஸ் 90, யூரியா 180: 276, 5, 30 சேர்ந்து 311. ஆஸ்மோலாரிட்டி ஏறக்குறைய ஒன்றே. இப்போது யூரியாவை நீக்கிவிட்டு டானிசிட்டியைப் பாருங்கள்: முதலாமவருக்கு 304, இரண்டாமவருக்கு 281. இன்சுலின் போதாததால் குளுக்கோஸ் வெளியிலேயே நின்று முதலாமவரின் செல்களிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. அவருடைய சோடியம் குறைவாகத் தெரிவதற்கும் அப்படி வெளியே வந்த நீர்தான் காரணம். இரண்டாமவரின் செல்கள் சுருங்கவில்லை. டானிசிட்டியைத் தனியாகப் படிக்க வேண்டிய தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

படி 6: உடல் இதை எப்படிக் காக்கிறது?

செறிவு 1 சதவீதம் ஏறினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள உணர்விகள் அறிந்துகொள்கின்றன, வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகம் நீரைச் சேமிக்கிறது, தாகமும் எழுகிறது. சிறுநீரின் செறிவு 50 முதல் 1200 வரை மாறக்கூடியது. இரத்தத்தின் கனஅளவு மிகவும் குறைந்துபோனால், செறிவு குறைந்திருந்தாலும் வாசோப்ரெசின் சுரக்கும். உடல் அப்போது செறிவை விட்டுக்கொடுத்துக் கனஅளவைக் காக்கிறது.

படி 7: வியர்வைக்கும் வயிற்றுப்போக்குக்கும் கணக்குப் போடுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் சித்திரை வெயிலில் வேலை செய்யும் அதே 60 கிலோ மனிதர் 3 லிட்டர் வியர்வையை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். வியர்வை பிளாஸ்மாவைவிட நீர்த்தது. லிட்டருக்கு 50 மில்லிமோல் சோடியம் என்று கொண்டால் சுமார் 100 மில்லி ஆஸ்மோல். உடலின் மொத்தத் துகள்கள் 36 × 285, அதாவது 10,260. அதில் 300 போக 9,960. இதை எஞ்சிய 33 லிட்டரால் வகுத்தால் செறிவு 302. செல்லுக்கு வெளியே இருந்த 3,420 (12 × 285) துகள்களில் 3,120 மீதி. அதை 302ஆல் வகுத்தால் 10.3 லிட்டர். செல்களுக்குள் 22.7 லிட்டர். இழப்பை இரண்டு பக்கமும் பங்கிட்டுக்கொண்டன.

அவர் 3 லிட்டர் வெறும் நீரைக் குடித்துவிட்டால்? மொத்தம் மீண்டும் 36 லிட்டர்; செறிவோ 277. வெளியே 11.3 லிட்டர்தான், செல்களுக்குள் 24.7 லிட்டர். தாகம் அடங்கிவிட்டது, ஆனால் இரத்தத்தின் பக்கம் இன்னும் குறை இருக்கிறது, செல்கள் வீங்கியும் இருக்கின்றன. விடுபட்டது 150 மில்லிமோல் சோடியம், ஏறக்குறைய 9 கிராம் உப்பு. உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழும் மோரும், அன்றைய சாப்பாடும் அதை ஈடுகட்டும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன உப்பு அளவை மீறக் கூடாது.

கடுமையான வயிற்றுப்போக்கில் வெளியேறும் நீர் பிளாஸ்மாவுக்கு ஒப்பான செறிவு உடையதாக இருக்கக்கூடும். அப்படி 3 லிட்டர் போனால் செறிவு 285இலேயே நிற்கும். செல்களிலிருந்து ஒரு துளி நீரும் உதவிக்கு வராது. முழு இழப்பும் வெளிப்பக்கத்தின் மீதே விழுந்து, 12 லிட்டர் 9 ஆகிவிடும். அதே 3 லிட்டர்தான், ஆனால் வியர்வையில் 1.7 லிட்டர் குறைந்த இடத்தில் இங்கே 3 லிட்டர் குறைகிறது. நாடி தளர்வதும் மயக்கம் வருவதும் இவ்வளவு விரைவாக நேர்வது அதனால்தான்.

இதற்கு உரிய மருந்து ஓ.ஆர்.எஸ். எனப்படும், வாய்வழி குடிக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல். சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே செல்லும் வழி வயிற்றுப்போக்கிலும் பழுதாவதில்லை. அவற்றின் பின்னே நீர் செல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கலவை 311 மில்லி ஆஸ்மோல். 2002 முதல் அது 245ஆகக் குறைக்கப்பட்டது. அதில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை வீட்டில் அரை லிட்டரில் கரைத்தால் இந்த 245 என்பது 490 ஆகிவிடும். அது ஹைபர்டானிக், குடலுக்குள்ளிருந்து நீரை எடுத்துக்கொடுப்பதற்கு மாறாக உடலிலிருந்து குடலுக்குள் நீரை இழுத்து, போக்கை மிகுவிக்கும். பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்து, அந்த அளவு நீரை அளந்து ஊற்றிய பிறகே பாக்கெட்டைப் பிரிக்கும்படி தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.